பழைய காரின் வர்ணமும் காப்புறுதி நட்டஈடும்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டியை நோக்கிச் செல்லும் வீதி, ஒரு புறம் புத்தளக் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் அமைந்த ஒடுங்கிய மணற்றரையினூடாக ஓடுகின்றது. அத்தரையில், நுரைச்சோலைக்கு அண்மையில், கடலோரமாக அமைந்த ஊர் மாம்புரி. காற்று ஓயாது வீசும் இடமாதலால் 2010ஆம் ஆண்டில் இங்கே மின்சாரம் பிறப்பிக்கும் காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. காற்றாலைக்கு நன்மை செய்யும் அதே காற்று இரும்பினாலான எப்பொருளுக்கும் பகையாகும். கச்சானும் சோளகமும் கடலலையின் நுண்துளிகளைச் சுமந்து வந்து, வேலிக் கம்பியிலும் கூரைத் தகட்டிலும் உப்பாகப் படியவிடுகின்றன. இத்தகைய ஊரில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட மோட்டார்க் கார் ஒன்றை ஒருவர் வைத்திருப்பாராயின், அக்காரின் ஆயுள் அதன் எந்திரத்திலும் பார்க்க அதன் வர்ணத்திலேயே தங்கியிருக்கின்றது எனலாம். எந்திரத்தைக் கழற்றி மாற்றலாம். உடற்றகடு அரித்துப் போய்விட்டால் கார் என்று சொல்ல எஞ்சுவது யாதுமில்லை.

இலங்கையிற் பழைய கார்களுக்குக் குறைவில்லை. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் புதிய கார்களின் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கையிலிருந்த காரைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுவதே அக்காலத்து மக்களுக்கு வழியாயிற்று. அவ்வாறு எஞ்சிய கார்களுள் முதலிடம் பெறுவது மொரிஸ் மைனர். 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்த இக்காரை அமைத்தவர், பின்னர் 1959இல் மினிக் காரையும் அமைத்துப் புகழ்பெற்ற அலெக் இசிகோனிஸ் ஆவார். 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மொரிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றிற்கான உடற்றகடுகளை 1990களில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழிற்சாலையும் ஒன்றுண்டு என்பது பலர் அறியாத செய்தி. பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குச் சென்றதும், மணமகளை அழைத்து வந்ததும், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வீட்டார் அனைவரும் நெருங்கியடித்துப் போனதும் ஒரே காரில் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் இன்னும் பல உள. அத்தகைய கார் ஒன்றின் பக்கத்தை மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியொன்று உரசிச் சென்றுவிட்டால், அதற்கு மீண்டும் வர்ணம் பூசுவதற்குரிய பணத்தைக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பெறுவது எங்ஙனம்? கேள்வி சிறியது. ஆனால் புதிய காருக்கு எழாத சிக்கல்கள் பல பழைய காருக்கு எழுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை விபத்து நிகழ்ந்த பின்னரன்றி, விபத்துக்கு முன்னரே தீர்க்கப்படவேண்டியவை.

முதலில் வர்ணத்தின் இயல்பை அறிந்துகொள்ளல் நலம். மோட்டார்க் கார்த் தொழிலின் தொடக்க காலத்திற் குதிரை வண்டிக்குப் பூசுவதுபோல எண்ணெய் வர்ணத்தையும் வார்னிசையும் தூரிகையாற் பலமுறை பூசினர். அஃது உலர்ந்து முடிவதற்கு வாரக்கணக்காயிற்று. 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூபொன்ட் நிறுவனம் நைத்திரோசெலுலோசை மூலப்பொருளாகக் கொண்ட டியூக்கோ என்னும் வர்ணத்தை வெளியிட்டதும் இந்நிலை மாறிற்று. வாரங்கள் நாள்களாகக் குறுகின. அந்நிறுவனத்தின் வர்ணத்தைக் கண்ணாலும் காணாத கராஜ்களிற்கூட இன்றும் காருக்கு வர்ணம் பூசுவதை ‘டியூக்கோ அடித்தல்’ என்பர். ஒரு வாணிபப் பெயர் தொழிலின் பெயராகவே நின்றுவிட்டது. இதன்பின் எனாமல் வகை வர்ணங்களும், மிகப் பின்னர் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற தெளிபூச்சொன்றை இடும் இருபடி முறையும் வந்தன.

இவ்வேறுபாடு நட்டஈட்டோடு நேரே தொடர்புடையது. பழைய காரில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சிலுள்ளன. வெள்ளைத் துணியில் மெருகூட்டும் பசையைச் சிறிது தொட்டு மறைவான ஓரிடத்திலே தேய்த்தால், காரின் நிறம் துணியில் ஒட்டும். தெளிபூச்சுள்ள காரில் அவ்வாறு ஒட்டாது. எனாமல் பூசிய தகட்டின்மேல் நைத்திரோசெலுலோசு வர்ணத்தை அடித்தால், அதிலுள்ள வீரியமிக்க கரைப்பான் அடிப்பூச்சை ஊறவைத்துச் சுருங்கச் செய்துவிடும். ஆகவே காரின் பழைய வர்ணம் எவ்வகையது என்பதை அறியாது, ‘ஒரு கதவுக்கு இவ்வளவு’ என்று புதிய காரின் கணக்கிலே தயாரிக்கப்படும் மதிப்பீடு பழைய காருக்குப் பொருந்தாது. அடிப்பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துத் தகட்டிலிருந்தே தொடங்கவேண்டிய தேவை ஏற்படலாம். அதற்குரிய கூலி மதிப்பீட்டில் முதலிலேயே காட்டப்படாவிடின், பின்னர் அதனைச் சேர்க்குமாறு நிறுவனத்தை இணங்கச் செய்வது எளிதன்று.

இனிக் காப்புறுதியின் பக்கம் திரும்புவோம். மோட்டார்க் காப்புறுதி இருவகைப்படும். மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்பது பிறருக்கு இழைக்கப்படும் தீங்குக்கானது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அஃதின்றி எவரும் வீதியிற் காரைச் செலுத்தலாகாது. ஆயின் அதை மட்டும் வைத்திருப்பவரின் சொந்தக் காருக்கு அதிலிருந்து ஒரு சதமும் கிடையாது. சொந்தக் காரின் சேதத்துக்குப் பணம் தருவது முழுமைக் காப்புறுதியே. பழைய கார் வைத்திருப்போர் பலர், ‘எப்போதாவது ஒருநாள் வெளியே எடுக்கும் காருக்கு இது போதும்’ என்று மூன்றாந் தரப்புக் காப்புறுதியோடு நின்றுவிடுகின்றனர். தவணைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த அப்பணம் ஒரு பக்கத்துக் கதவுக்கு வர்ணம் பூசவும் போதாது.

காப்புறுதிச் சட்டத்தின் அடிப்படை நட்டத்தை ஈடு செய்தல் என்பதாகும். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், வாணிப விடயங்களில் ஆங்கிலச் சட்டத்தை இலங்கைக்கு உரியதாக்கிற்று. ஆகையால் இத்துறையில் ஆங்கில நீதிமன்றங்கள் வகுத்த நெறிகளே இங்கும் அடிப்படையாயின. காஸ்ரலெயின் எதிர் பிரஸ்ரன் என்னும் 1883ஆம் ஆண்டு வழக்கில் அந்நெறி தெளிவாக வரையறுக்கப்பட்டது. காப்புறுதி செய்தவர் தமது நட்டத்தை முழுமையாகப் பெறவேண்டும். ஆனால் நட்டத்துக்கு மேலாக எதனையும் பெறலாகாது. கேட்பதற்கு நியாயமான விதி. பழைய காரின் வர்ணத்துக்கு இதனைப் பிரயோகிக்கும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. நாற்பதாண்டு வெயிலில் வெளிறிய கதவொன்றுக்குப் புதுவர்ணம் பூசிக் கொடுத்தால், அது நட்டத்தை ஈடு செய்வதா, நட்டத்துக்கு மேற்பட்ட நன்மை செய்வதா?

மாம்புரியில் இத்தொல்லை மேலும் ஒரு படி கூடுகின்றது. தென்னந்தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். லொறி உரசியதால் இடப்பக்கத்து மட்கார்ட் நெளிந்து, கதவின் வர்ணம் ஒரு முழ நீளத்துக்கு உரிந்துவிட்டது. அறிவித்தவுடன் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வருகின்றார். நெளிவைப் பார்த்துத் தலையசைக்கின்றார். உரிந்த இடத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயா, இது நேற்றுப் பிடித்த கறள் அல்லவே?” என்கின்றார். “இந்தக் காற்றிலே ஒரு கிழமையிற் பிடித்துவிடும் தம்பி” என்கின்றார் உடையவர். இருவர் சொல்வதிலும் உண்மையுண்டு. தகடு வெறுமையான இடத்தில் உப்புக் காற்றுப் பட்டால் ஓரிரு நாளிலேயே செம்மஞ்சட் படலம் தோன்றும். ஆனால் வர்ணத்தின் கீழே குமிழியெழுப்பித் தகட்டைத் துளைக்கும் கறள் ஒரு கிழமையில் உண்டாவதன்று. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். மயிரிழை போன்ற வெடிப்பினூடாக அவ்வீரம் இரும்பை அடைய, இரும்பு தன் பருமனிற் பன்மடங்கான கறளாக மாறி, வர்ணத்தைக் கீழிருந்து மேலே உந்துகின்றது. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிகழும் வேலை.

காப்புறுதிப் பத்திரங்கள் யாவும் தேய்மானத்தையும் கறளையும் படிப்படியான சிதைவையும் விலக்கியே எழுதப்பட்டுள்ளன. காப்புறுதி என்பது எதிர்பாராத நிகழ்ச்சிக்கானது. கடற்கரையில் இரும்பு கறள் பிடிப்பது எதிர்பாராததன்று. இந்த விலக்கு நியாயமானதே. நியாயமற்றது யாதெனில், கதவின் அடியோரத்தில் ஓர் அங்குலக் கறளைக் கண்டவுடன், அதனைக் காரணங்காட்டி அக்கதவு முழுவதன் வர்ணச் செலவையும் மறுத்துவிடுவதாகும். விபத்தினால் உரிந்த பகுதி வேறு, முன்பே அரித்த பகுதி வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டும் கடமை நிறுவனத்துக்கும் உண்டு. விலக்கு விதி ஒன்றைக் காட்டிப் பணம் மறுப்பவரே அவ்விதி பொருந்துமென நிறுவவேண்டும் என்பது காப்புறுதிச் சட்டத்தின் பொதுவான நெறி. எனினும் நடைமுறையில், விபத்துக்கு முந்திய நிலையைக் காட்டும் சான்று எவர் கையிலுள்ளதோ அவர் பக்கமே வாதம் சாயும். மதிப்பீட்டாளர் அக்காரை முன்பு கண்டதில்லை. கண்டவர் உடையவர் ஒருவரே.

ஆகவே ஆண்டுதோறும் காப்புறுதியைப் புதுப்பிக்கும்போது காரைக் கழுவித் துடைத்து, காலை வெயிலில் நிறுத்தி, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தல்வேண்டும். கதவின் அடியோரம், மட்கார்ட்டின் உட்புறம், சக்கர வளைவு, பொனெற்றின் முன்விளிம்பு ஆகிய இடங்களை அண்மையில் நின்று தனித்தனியே எடுத்தல் இன்னும் முக்கியம். கறள் இருந்தால் அதையும் மறையாது எடுக்கவேண்டும். கறள் ஓரிடத்தில் இருப்பதைக் காட்டும் படமே, மற்ற இடங்களில் அஃது இல்லாமையையும் காட்டுகின்றது. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் பேரப்பிள்ளை எவரும் ஐந்து நிமிடத்திற் செய்து முடிக்கும் வேலை இது. அப்படங்களின் பிரதியைப் புதுப்பித்தல் விண்ணப்பத்தோடு நிறுவனத்துக்கும் அனுப்பிவிட்டால், பின்னர் எவரும் அவற்றின் தேதியைப் பற்றி ஐயுற இடமிராது. முன்பு வர்ணம் பூசியதற்கான பற்றுச்சீட்டு, பூசியவர் குறித்துக் கொடுத்த வர்ணக் கலவையின் அளவு ஆகியவற்றையும் உடன் வைத்தல் நன்று. மட்கார்ட் தகடுதானா, அல்லது உள்ளே பட்டி நிரப்பப்பட்டதா என்பதை மதிப்பீட்டாளர் சிறிய காந்தம் ஒன்றாலேயே கண்டுவிடுவார். பட்டி தடித்த இடத்திற் காந்தம் ஒட்டாது. அதனை அவர் கண்டுபிடிக்கும்வரை காத்திராது உடையவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. காப்புறுதி செய்பவர் தாம் அறிந்ததை மறையாது சொல்லவேண்டும் என்ற நெறியை 1766ஆம் ஆண்டிலேயே மான்ஸ்பீல்ட் பிரபு வகுத்தார். சுமாத்திராத் தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டையொன்றின் காப்புறுதி பற்றி எழுந்தது அவ்வழக்கு.

அடுத்த சிக்கல் நிறப்பொருத்தம். சேதமடைந்தது ஒரு கதவாயின் நிறுவனம் ஒரு கதவுக்கே பணம் தர முன்வரும். பழைய காரின் நிறமோ பதிவேட்டிலுள்ள நிறமன்று. கூரையில் ஒரு சாயலும், கதவில் ஒரு சாயலும், வெயில் படாத கதவின் உள்விளிம்பில் இன்னொரு சாயலுமாக அது பிரிந்து கிடக்கும். சிவப்பு நிறங்கள் பெரும்பாலும் விரைவில் வெளிறுவன. வர்ணக் கடையிலே கலந்து தரும் புதுவர்ணத்தைக் கதவில் அடித்தால், வெள்ளை வேட்டியில் ஒட்டுப்போட்டாற்போல அக்கதவு தனித்துத் தெரியும். இதனைத் தவிர்க்கத் தேர்ந்த தொழிலாளர், சேதமடையாத அயற்பகுதிகளிலும் புதுவர்ணத்தை வரவர மெலியச் செய்து, எல்லை தெரியாது இழைத்துவிடுவர். இவ்வேலைக்கு ஒரு கதவுக்குரிய வர்ணமும் கூலியும் போதா. ஆயினும் இஃது ஆடம்பரமன்று. விபத்துக்கு முன் ஒரே நிறமாகத் தோன்றிய கார், பழுது பார்த்தபின்னும் ஒரே நிறமாகத் தோன்றினாலன்றி நட்டம் ஈடு செய்யப்பட்டதாகக் கொள்ள இயலாது. கராஜிலிருந்து பெறும் மதிப்பீட்டுப் பத்திரத்திலே ‘அயற்பகுதிகளோடு நிறம் இழைத்தல்’ என்பதைத் தனி இனமாக எழுதுவித்தல் வேண்டும். எழுதாத இனத்துக்குப் பணம் வராது.

முழுக் காருக்கும் வர்ணம் பூசித் தரும்படி கேட்பது வேறு விடயம். பலர் கேட்கின்றனர், அநேகமாக மறுக்கப்படுகின்றது. ஒரு பக்கத்துச் சேதத்தைக் காட்டிக் கார் முழுவதையும் புதிதாக்கிக்கொள்ள நினைப்பது நியாயமுமன்று. நிறம் இழைக்கவே இயலாதென்று தொழிலறிந்த ஒருவர் காரணத்தோடு எழுதித் தந்தால் மட்டும் அக்கோரிக்கைக்கு வலிமையுண்டு. அப்போதும் நிறுவனம் ஒரு பகுதியைத் தான் ஏற்று மறுபகுதியை உடையவர் ஏற்கச் சொல்லுமாயின், அதனை அவமதிப்பாகக் கொள்ளாது கணக்குப் பார்த்து இணங்குவதே உத்தமம். ஆங்கில மகாராணியின் முடிசூட்டுக்குப் பூசிய வர்ணம் இன்னும் புதியதே என்று வாதாடிப் பயனில்லை.

இவ்விடத்தில் இந்திய நடைமுறை ஒன்று கவனிக்கத்தக்கது. பழுது பார்த்தலால் ஏற்படும் மேம்பாட்டுக்காக நட்டஈட்டில் எவ்வளவு கழிக்கலாம் என்பதை அங்குள்ள பொதுவான மோட்டார்ப் பத்திரம் வரையறுத்துள்ளது. வர்ணம் பூசுவதில் 50 வீதக் கழிவு வர்ணப் பொருளின் விலைக்கு மட்டுமே உரியது, கூலிக்கு இல்லை. பொருளும் கூலியும் பிரிக்கப்படாமல் ஒரே தொகையாகப் பற்றுச்சீட்டு இருப்பின், அதில் 25 வீதம் பொருளின் விலையெனக் கொள்ளப்படும். ஆகவே ஓர் இலட்சம் ரூபாய்ப் பற்றுச்சீட்டில் 25,000 ரூபாய் பொருளாகி, அதிற் பாதியாகிய 12,500 ரூபாய் மட்டும் கழியும். கூலிக்குத் தேய்மானமில்லை என்ற இக்கருத்து மிகவும் பொருத்தமானது. பழைய வர்ணம் தேய்ந்திருக்கலாம். அதனைப் பூசும் மனிதனின் உழைப்புப் பழையதன்று. இந்திய விதி இலங்கை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும் மொத்தத் தொகையிலிருந்து பாதியைக் கழிக்க முற்படும் நிறுவனத்திடம், பொருளையும் கூலியையும் பிரித்துக் காட்டிப் பேசுவதற்கு இதுவொரு நல்ல எடுத்துக்காட்டு.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் காரின் மதிப்புப் பற்றியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் புதிய கார் வராமையாலும் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையாலும் நாட்டிலுள்ள எல்லாக் கார்களின் விலையும் ஏறிற்று. ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் குறித்த காப்புறுதித் தொகையையே பலர் மாற்றாது விட்டுவிட்டனர். பத்திரத்தில் விகிதாசார விதி இருக்குமாயின் இதன் விளைவு கடுமையானது. சந்தையில் 20 இலட்சம் பெறும் கார் 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தால், அதன் உடையவர் பாதி நட்டத்துக்குத் தாமே காப்புறுதியாளராகக் கருதப்படுவார். 3 இலட்சம் ரூபாய்ச் சேதத்துக்கு ஒன்றரை இலட்சமே கிடைக்கும். மறுபுறம், காரின் மதிப்பு மிகக் குறைத்துக் குறிக்கப்பட்டிருந்தால், தகடு நிமிர்த்தி வர்ணம் பூசும் செலவே அம்மதிப்பை நெருங்கிவிடும். அந்நிலையில் நிறுவனம் காரைப் பழுது பார்க்காமல் முழு நட்டமென்று கூறி, குறித்த தொகையைத் தந்து கணக்கை முடித்துக்கொள்ள விரும்பலாம். குடும்பத்தின் கார் கையைவிட்டுப் போவது பெரும்பாலும் இவ்வழியாகவே.

பழைய காரைத் திருத்தும் செலவு அதன் சந்தை விலையை மிஞ்சும்போது சட்டம் என்ன சொல்லும் என்பதற்கு இங்கிலாந்தில் அடுத்தடுத்த இரு ஆண்டுகளில் எழுந்த இரு வழக்குகள் விளக்கமாயுள. இரண்டும் சொந்தக் காப்புறுதிப் பத்திரத்தின்மேல் எழுந்தவையல்ல; மோதியவரிடம் நட்டம் கேட்டு எழுந்தவை. 1962ஆம் ஆண்டு வழக்கில் ஓகிரேடி என்பவர் 1938ஆம் ஆண்டின் எம்.ஜி. கார் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு ஹோர்டென்சியா என்று பெயருமிட்டு, பழுதான பகுதிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்துப் பேணி வந்தார். திருத்தும் செலவு சந்தை விலையை மிஞ்சியபோதும் நீதிமன்றம் அச்செலவை அவருக்கு அளித்தது. அவர் நடந்துகொண்டது நியாயமானதென நீதிபதி கண்டார். மறு ஆண்டில், 1963இல், டார்பிஷயர் என்பவரின் வழக்கு வந்தது. அவருடையது 1951ஆம் ஆண்டின் லீ பிரான்சிஸ் கார். அதன் சந்தை மதிப்பு 85 பவுண். அவர் 192 பவுண் செலவிட்டுத் திருத்தினார். தமக்கு மிகப் பிடித்த நம்பகமான கார் என்றார். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பவில்லை. அவர் விரும்பியபடி காரைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் அவ்விருப்பத்தின் செலவைப் பிறர்மேல் ஏற்ற இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். சந்தையில் வேறொன்று வாங்கமுடியாத தனித்தன்மை ஹோர்டென்சியாவுக்கு இருந்தது. லீ பிரான்சிசுக்கு அவ்வாறு இருந்ததாக நிறுவப்படவில்லை.

இலங்கையில் இத்தகைய நட்டக் கோரிக்கைகள் உரோம டச்சுச் சட்டத்தின்பாற் படுவனவாதலின் இத்தீர்ப்புக்கள் இங்கே கட்டாயமானவையல்ல. ஆயினும் அவற்றிலிருந்து தெரிவது ஒன்றுண்டு. அன்பு சான்றாகாது. காரின் தனித்தன்மைக்கு, அதன் முதற் பதிவு, மாற்றப்படாத எந்திர இலக்கம், தொழிற்சாலையில் இட்ட நிறம் ஆகியவற்றை ஆவணமாகக் காட்டவேண்டும். நிறமும் மதிப்பின் ஒரு கூறு என்பதற்கு மொரிஸ் மைனரே சாட்சி. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது மொரிஸ் மைனர் செய்யப்பட்டதைக் கொண்டாட, ஏறத்தாழ 350 கார்களுக்கு மட்டும் இளம் ஊதா நிறம் பூசப்பட்டது. அவற்றுள் ஒன்றை எவரேனும் சாம்பல் நிறமாக்கிவிட்டால், கார் ஓடும்; அதன் சிறப்பு ஓடாது. நிறத்தை மாற்றுவோர் மோட்டார் வாகனத் திணைக்களத்துப் பதிவிலும் அம்மாற்றத்தைச் செய்விக்கவேண்டும் என்பதையும் மறத்தலாகாது. பதிவுப் புத்தகத்தில் ஒரு நிறமும் காரில் ஒரு நிறமும் இருக்குமாயின் மதிப்பீட்டாளரின் முதற் கேள்வி அதுவாகவே இருக்கும்.

இச்சிக்கலுக்குச் சிறந்த பரிகாரம், மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்வதாகும். தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காரைக் காட்டி எழுத்தில் மதிப்புப் பெற்று, அதனை நிறுவனம் ஏற்று, பத்திரத்திலேயே பதியவேண்டும். சாதாரண பத்திரத்திற் காணப்படும் தொகை நிறுவனம் கொடுக்கக்கூடிய உச்ச எல்லை மட்டுமே. விபத்தன்று சந்தை விலை குறைவாயின் அக்குறைந்த விலையே கிடைக்கும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதப்பட்டாலன்றி உடையவர் அத்தொகைக்கு உரித்துடையவராகார். இவ்வேறுபாட்டை முகவர் எடுத்துச் சொல்வார் என எதிர்பார்த்திராமல் பத்திரத்தை வாசித்துப் பார்த்தல் வேண்டும். எல்லா நிறுவனங்களும் எல்லாப் பழைய கார்களுக்கும் இவ்வாறு எழுதித் தாரா. தரும் நிறுவனத்தைத் தேடுவதில் ஒரு பகற்பொழுது கழிந்தாலும் அது வீண்பொழுதன்று.

விபத்து நிகழ்ந்துவிட்டால் செய்யவேண்டியவை அதிகமில்லை. ஆனால் வரிசை தவறலாகாது. காரை அவ்விடத்திலிருந்து அகற்றுமுன் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, அவர்கள் தரும் குறிப்பிலக்கத்தை எழுதிக்கொள்ளல் வேண்டும். பிறிதொரு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிதல் வேண்டும். திருவிழாக் காலத்தில் தலவில வீதியில் நெரிசல் மிகுந்திருக்கும்; எதிர்த்தரப்பினர் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிப் புறப்பட்டுவிடுவர். அவருடைய வாகன இலக்கமும் காப்புறுதிச் சான்றிதழும் படமாகக் கையில் இல்லாவிடின் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமிராது. நிறுவனம் எழுத்தில் ஒப்புதல் தருமுன் கராஜில் வேலையைத் தொடங்கலாகாது. சேதத்தை அவர்கள் காணுமுன் திருத்தியவருக்கு நிறுவனம் பணம் மறுப்பின், அதனைக் குறைகூறல் அரிது.

ஆனால் உப்புக் காற்று எவருடைய ஒப்புதலுக்கும் காத்திராது. நிறுவனத்தின் கடிதம் வரும்வரை மூன்று வாரம் வெறுந்தகட்டோடு கார் நின்றால், உரிந்த இடத்திற் பிடிக்கும் கறளை ‘உடையவரின் கவனக்குறைவு’ என்று கழித்துவிட இடமுண்டு. சேதம் பெருகாது தடுப்பது உடையவரின் கடமையென்று பத்திரங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவே மதிப்பீட்டாளர் பார்த்துச் சென்ற அன்றே, உரிந்த இடத்தை நன்னீரிற் கழுவி, உலரத் துடைத்து, கிறீஸ் அல்லது எண்ணெய்ப் படலம் ஒன்றைப் பூசி, காற்றுப் படாத கொட்டகையில் நிறுத்தவேண்டும். கிறீஸ் பூசிய இடத்தை வர்ணம் பூசுமுன் கரைப்பானால் முற்றாகத் துடைத்தெடுக்கச் சொல்லுதலும் அவசியம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் தடித்த பிளாத்திக்கு விரிப்பால் மூடுவது கெடுதலையே செய்யும். பழைய பூச்சைச் சுரண்டும்போது பிறிதோர் எச்சரிக்கையும் வேண்டும். அக்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தமையால், அத்தூசு பறக்கும் இடத்திற் பிள்ளைகளை விளையாட விடலாகாது.

வேலை முடிந்ததும் கராஜில் ஒரு தாளிற் கையொப்பம் கேட்பர். ‘வேலை திருப்தி’ என்று எழுதியிருக்கும். மாலை வெளிச்சத்தில், அல்லது கராஜின் மின்விளக்கில், நிறம் பொருந்தியதாகவே தோன்றும். மறுநாட் காலை வெயிலிற் காரை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்த பின்னரே அத்தாளிற் கையொப்பமிடவேண்டும். இட்ட பின் நிறுவனத்திடம் பேசுவதற்கு ஒன்றுமிராது. எனாமல் முற்றாக இறுகுவதற்குச் சில வாரங்கள் ஆகுமாதலால் அதுவரை மெழுகு தேய்த்தலும் கூடாது.

நிறுவனத்தின் முடிவு நியாயமற்றதென உடையவர் கருதினால், முதலில் அந்நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, காரணத்தோடு கூடிய பதிலை எழுத்திலேயே கேட்டுப் பெறவேண்டும். 1960களிற் காப்புறுதி அரசின் கூட்டுத்தாபனத்துக்கே உரியதாயிருந்தபோது முறையிட ஓரிடமே இருந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார் நிறுவனங்களும் மீண்டும் இத்தொழிலில் இறங்கின. இன்று நிறுவனங்களைக் கண்காணிப்பது, 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அதனையன்றி, 2005ஆம் ஆண்டு முதற் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி ஒருவரும் கொழும்பிலிருந்து கட்டணமின்றி முறைப்பாடுகளை ஆராய்ந்து வருகின்றார். வழக்கறிஞரை அமர்த்தவேண்டியதில்லை. மாம்புரியிலிருந்து கொழும்புக்குப் பலமுறை அலைவதிலும் பார்க்கத் தபாலில் அனுப்பும் ஓர் உறையே பெரும்பாலும் போதும். அவ்வுறையினுள்ளே பத்திரத்தின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கராஜின் மதிப்பீடு, நிறுவனத்தின் மறுப்புக் கடிதம், விபத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியன தேதி வரிசைப்படி அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.